ஒன்பதாவது கையெழுத்து

சங்கரபாண்டியிடம் விசுவாசத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் கையோடு வந்துவிடும். கேட்டவர் கேள்வியை முடிப்பதற்குள் அவர் பாதிப் பதிலில் இருப்பார். மீதிப் பாதி வசன ஆதாரம். தென்காசிச் சாலையோரத்தில் இருந்த அந்தச் சின்ன சபையில் அவருக்கு அப்படித்தான் பெயர் வந்தது.

சபையின் போதகர் குணசிங்குக்கு வயது முப்பத்தேழு. அவரிடம் பாடம் கேட்ட சங்கரபாண்டிக்கு ஐம்பத்தொன்று. குரு சீடனை 'அண்ணே' என்பார், சீடன் குருவை 'பாஸ்டர்' என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

சங்கடம் மற்றவர்களுக்குத்தான். சங்கரபாண்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் ஊழியத்துக்கு வரலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். வேதப் பெயராக நாலைந்தை எழுதிக்கொண்டும் வந்து கொடுத்தார்கள். "எங்கம்மா வச்ச பேரு, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்று அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாரத்தில் ஆறு நாள் அவருக்கு எடைமேடையில் வேலை. கல்குவாரி லாரிகள் மேடையில் ஏறும், அவர் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடைச் சீட்டு எடுத்துக் கொடுப்பார். ஒரு கிலோ கூட்டவோ குறைக்கவோ மாட்டார் என்று டிரைவர்கள் அவரைத் திட்டுவார்கள். அந்தத் திட்டு அவருக்குப் பாராட்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருகிறவர்களுக்கு விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பார். மொத்தம் பதினோரு பகுதிகள். வேதம் தேவனால் அருளப்பட்டது என்பதில் தொடங்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன், மனிதனுக்கு இரட்சிப்பு கிருபையால்தான், அவன் கிரியையால் அல்ல என்று போய், ஆண்டவரின் இரண்டாம் வருகையில் முடியும். ஆறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு சொல் இடறியதில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உதவி ஊழியராகப் பொறுப்பேற்கிறவர் சபையார் முன்னால் பதினொன்றையும் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வாசித்ததும் அதன் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும். சபை 'ஆமென்' சொல்லும். பிறகு அடுத்தது. சபையைத் தொடங்கிய குணசிங்கின் அப்பா ஏற்படுத்திய முறை இது. கடைசியில் ஒரே கையெழுத்து என்று விட்டால் மனுஷன் மேலே இருப்பதை வாசிக்க மாட்டான் என்று அவருக்கு எண்ணம். மனுஷனை அவர் சரியாகத்தான் புரிந்து வைத்திருந்தார்.

வருகிற ஞாயிறு சங்கரபாண்டிக்கு அந்த நாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. குணசிங் அதைப் பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணே."

"இல்ல பாஸ்டர். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன். ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

"ஏன்?"

"மத்த பத்துலயும் கையெழுத்துப் போடுவேன். ஒம்பதாவதுல என்னால முடியாது."

ஒன்பதாவது பகுதி சின்னது. கிறிஸ்துவை விசுவாசித்தவர்களுக்கு நித்திய ஜீவன், விசுவாசியாதவர்களுக்கு நித்திய ஆக்கினை. அவ்வளவுதான். பதினொன்றில் அதுதான் மனப்பாடம் செய்ய லேசு என்று சங்கரபாண்டியே வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

"அது பொய்யின்னு தோணுதாண்ணே?"

"பொய்யின்னு தோணிச்சின்னா நான் ஏன் பாஸ்டர் ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டுக் கெடக்கேன்?"

குணசிங்குக்கு விளங்கிவிட்டது. சங்கரபாண்டியின் அம்மா இறந்து அன்றோடு நாற்பத்தோரு நாள்.

பீடி சுற்றி மகனை வளர்த்தவள் அவள். மகன் சபைக்குப் போக ஆரம்பித்தபோது சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு, "எய்யா, ஒங் கோயிலுக்கு நேரமாச்சுல்ல" என்று அவளே எழுப்பி விடுவாள். நெற்றியில் திருநீறு இருக்கும். மகன் பதினோரு வருடமாக ஆண்டவரைப் பற்றி அவளிடம் சொன்னார். அவளும் பதினோரு வருடமாகப் பீடி இலை பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நல்ல சாமிதான். நீ தண்ணியக் குடிச்சிட்டுப் பேசு" என்பாள்.

சிற்றாற்றில் அவர் ஞானஸ்நானம் எடுத்த அன்று அவளும் கரைக்கு வந்தாள். துண்டையும் மாற்றுத் துணியையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் தண்ணீரிலிருந்து எழுந்து கண்ணீரோடு வானத்தைப் பார்த்தபோது, "முதல்ல தலையத் துவட்டு, சளி புடிச்சிக்கிடப் போவுது" என்று சத்தம் போட்டாள். சபை முழுக்கச் சிரித்தது. சங்கரபாண்டிக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அந்தத் துண்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

ஒருநாள் மத்தியானம், சுளகை மடியில் வைத்தபடியே அவள் போய்விட்டாள். மகன் அப்போது எடைமேடையில் இருந்தார்.

"எங்கம்மா இப்ப எங்க இருக்கா பாஸ்டர்?"

கேட்டுவிட்டு அவர் போதகரின் முகத்தைப் பார்த்தார். தான் கேட்ட கேள்விக்குத் தன்னைப் போலவே உடனே பதில் வரும் என்று பயந்தார்.

"நாளைக்கு எடைமேடையிலதான இருப்பீங்க?" என்றார் குணசிங்.

"இருப்பேன்."

"வாரேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குணசிங் தன் பழைய பைக்கில் வந்து இறங்கினார். கையில் வேதப்புத்தகம் இல்லை, ஒரு தூக்குச்சட்டி இருந்தது. அறைக்குள் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கரபாண்டி அவர் பேசுவார் என்று காத்திருந்தார். போதகரோ ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணி இருக்கும், புது டிரைவர் ஒருவன் லோடு லாரியை மேடையில் ஏற்றினான். மேலே தார்ப்பாய் போர்த்திக் கட்டியிருந்தது. இறங்கி ஜன்னலுக்கு வந்தான்.

"சரக்கு எடை எவ்வளவுன்னு சீட்டு குடுங்கண்ணே."

"காலி வண்டியா இருக்கும்போது எங்க எடை பாத்தே?"

"பாக்கலண்ணே. நேரே போய் ஏத்திட்டு வந்துட்டேன்."

"அப்ப மொத்த எடைக்குத்தான் சீட்டு. சரக்கு எடை தரமுடியாது."

"இதே மாதிரி வண்டி நாள்பூரா ஏறி எறங்குதுல்லா? அந்தக் காலி எடையக் கழிச்சிக் குத்துமதிப்பாப் போடுங்கண்ணே."

சங்கரபாண்டிக்குச் சுர்ரென்று வந்தது. "அதே மாதிரி வண்டி வேற, இந்த வண்டி வேற. டேங்குல எவ்வளவு டீசல் கெடக்கு? ஸ்டெப்னி இருக்கா, கழட்டி வச்சிட்டியா? உள்ள எத்தன பேர் இருக்கீங்க? ஒரே நாள்ல வாங்குன ரெண்டு வண்டி ஒரே எடை நிக்காதுப்பா. சரக்க எறக்கிட்டுக் காலி வண்டியக் கொண்டா, தாரேன்."

"இந்தச் சீட்டு இல்லாமப் போனா ஓனர் என்னைத் தொலைச்சிருவாருண்ணே."

"தெரியாததத் தெரிஞ்ச மாதிரி நான் எழுதிக் குடுக்க மாட்டேன். போ."

அவன் மொத்த எடைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, கேட்கும்படியாகவே திட்டிவிட்டுப் போனான். சங்கரபாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா போன பிறகு அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது அப்போதுதான்.

"எல்லாருக்கும் இப்படித்தானாண்ணே?" என்றார் குணசிங்.

"யாரா இருந்தாலும் சரி, பாஸ்டர். ரெண்டு எடையும் பாக்காம சீட்டுப் போட மாட்டேன்."

"ஒரு தடவை போட்டீங்களே."

"எந்த வண்டிக்கு?"

"மாரிக்கனி அப்பாவுக்கு."

சங்கரபாண்டியின் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது.

மாரிக்கனி சபையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள், வீட்டில் தையல் வேலை. எட்டு மாதத்துக்கு முன் அவள் அப்பா இறந்துபோனார். கொத்தனார், சபைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. துக்க வீட்டில் மாரிக்கனி சங்கரபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா எங்க போயிருப்பாரு பிரதர்?" என்று கேட்டாள். அவர் நின்ற இடத்திலேயே ஒன்பதாவது பகுதியைச் சொன்னார். வசன ஆதாரங்கள் மூன்றையும் சொன்னார். சத்தியத்தைச் சொல்லத் தயங்கக் கூடாது என்று அப்போது நினைத்தார். அழுதுகொண்டிருந்த மாரிக்கனியின் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு மாரிக்கனி சபைக்கு வரவில்லை. சத்தியம் கசக்கத்தான் செய்யும் என்று அவர் வகுப்பில் அதை உதாரணமாகவும் சொன்னார்.

சங்கரபாண்டி கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

"அப்ப ஒம்பதாவத எடுத்துரணுமா பாஸ்டர்?"

"மேடை இல்லன்னு நான் சொல்லலியேண்ணே. எல்லா வண்டியும் ஏறித்தான் ஆகணும். நானும் ஏறணும்."

"அப்படின்னா எங்கம்மா?"

குணசிங் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"தெரியலண்ணே."

போதகர் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லி சங்கரபாண்டி கேட்டதில்லை. அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"தெரியலன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"இல்ல. ஒங்ககூட இருக்கலாம்னு வந்தேன்."

குணசிங் அன்று முழுக்க அங்கேயே இருந்தார். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து இருவருக்கும் புளிச்சோறு போட்டார். சங்கரபாண்டி நாலு வாய் சாப்பிட்டார், ஐந்தாவது வாயில் உடைந்து அழுதார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. குணசிங் வெளியே போய், "அஞ்சு நிமிஷம் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து பைக்கை உதைத்தார். அது நாலாவது உதையில் கிளம்பியது.

சனிக்கிழமை சாயங்காலம் சங்கரபாண்டி மாரிக்கனி வீட்டுக்குப் போனார். அவள் தையல் மிஷினில் இருந்தாள். அவரைப் பார்த்தும் காலால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"என்ன பிரதர், வசனம் எதுவும் பாக்கி இருக்கா?"

"இல்லம்மா."

"பெறகு?"

"ஒங்க அப்பாவப் பத்தி அன்னைக்கு நான் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

மிஷின் நின்றது.

"விசுவாசிக்காதவங்களுக்கு ஆக்கினை உண்டுன்னு நான் இன்னிக்கும் நம்புதேன். ஆனா கடைசியில ஒங்கப்பா மனசுக்குள்ள என்ன நடந்துச்சின்னு பாக்க நான் அங்க இல்ல. எங்கம்மாகிட்டயும் நான் இல்ல."

மாரிக்கனி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அம்மா இறந்தது அவளுக்கும் தெரியும். கோபத்தில் அவள் துக்கத்துக்குப் போகவில்லை.

"அன்னைக்கு நீங்க பதில் சொல்லியிருக்கவே வேண்டாம் பிரதர். நீங்களும் சேந்து அழுவீங்கன்னுதான் கையப் புடிச்சேன்."

"தெரியாமப் போச்சும்மா."

"ஒங்கம்மாவ எனக்குத் தெரியும். ஒங்க வெள்ளச் சட்டைக்குக் காலர் திருப்பித் தைக்க அவங்கதான் கொண்டாருவாங்க. ஞாயித்துக்கெழம எம்புள்ள கோயிலுக்குப் போடணும், வெள்ளிக்கெழமையே குடுத்துருன்னு சொல்லுவாங்க."

சங்கரபாண்டிக்கு இது தெரியாது. காலர் தானாகவே புதிதாக இருக்கிறது என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தார். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மாரிக்கனி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் ஆளுக்காக அழுதார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. சங்கரபாண்டி அந்த வெள்ளைச் சட்டையையே போட்டு வந்தார். பெரிய நோட்டு ஒன்றைக் குணசிங் மேஜைமேல் விரித்து வைத்தார். இதுவரை பொறுப்பேற்ற எல்லோருடைய கையெழுத்தும் உள்ள நோட்டு அது, ஆளுக்கு இரண்டு பக்கம். சங்கரபாண்டிக்கான பக்கங்களில் பதினொரு பகுதிகளும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன.

முதலாவது, கையெழுத்து, ஆமென். இரண்டாவது, கையெழுத்து, ஆமென். எட்டு வரை அவர் குரல் வகுப்பில் இருக்கிற குரல்தான். கையெழுத்துகளும் எடைச் சீட்டில் போடுகிற மாதிரி சீராக விழுந்தன.

ஒன்பதாவதுக்கு வந்ததும் நின்றார். சபை காத்திருந்தது. யாரோ இருமினார்கள். அவர் குணசிங்கைப் பார்க்கவில்லை, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த மாரிக்கனியைப் பார்த்தார்.

பிறகு வாசித்தார். விசுவாசித்தவர்களுக்கு நித்திய ஜீவன் என்பதுவரை சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்சு விட்டு விட்டு வாசித்தார். பேனாவை ஊன்றியபோது கை உதறியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சபை ஆமென் சொல்ல மறந்துவிட்டது. பின்னாலிருந்து மாரிக்கனி மெதுவாகச் சொன்னாள், "ஆமென்."

ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். சங்கரபாண்டி மேஜை அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். குணசிங் ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், ஒம்பதாவது கையெழுத்து மட்டும் கோணல் மாணலா விழுந்துட்டு. என் கையெழுத்துன்னே சொல்ல முடியாது. மேல கொஞ்சம் அழிஞ்சும் போச்சு. வேற தாள்ல நல்லாப் போட்டு ஒட்டிரட்டுமா?"

குணசிங் வயரை வைத்துவிட்டு வந்தார். நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போய் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. பதினொரு கையெழுத்துகளும் ஒரே அளவில், ஒரே சாய்வில், கோடு போட்டது போல நின்றன.

"இது யாரு போட்டதுண்ணே?"

சங்கரபாண்டி குனிந்து பார்த்தார். "நீங்க போட்டதுதான். எங்கயும் ஒரு பிசிறு இல்ல, எம்புட்டு அழகா இருக்கு."

"எனக்கு அப்ப இருபத்திமூணு வயசு." குணசிங் ஒன்பதாவது கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "இதப் பாத்ததுமே எங்கப்பா என்னத் திருப்பி அனுப்பியிருக்கணும்ண்ணே."